விருந்து என்னும் வனப்பு
(இக்காலக் கவிதை வாசிப்பும் கவிஞர் சந்திப்பும்)

செய்யுளின் வனப்புகள் எட்டென வகுத்த தொல்காப்பியர், புதியனவாகப் புனையப்படும் யாப்பிற்கு 'விருந்து' எனப் பெயரிட்டார். புதுமையையும் இல்லம் நாடி வரும் புதியவரையும் ஒரே சொல்லால் சுட்டும் மொழி நம்முடையது. எனவே, இக்காலக் கவிதையை அயலானதெனக் கருதி ஒதுக்க நமக்கு நியாயம் இல்லை.

1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' ஏடும், 1971இல் கோவையிலிருந்து மலர்ந்த 'வானம்பாடி' இதழும் புதுக்கவிதையை இருவேறு வழிகளில் வளர்த்தன. முன்னது பெரிதும் தனிமனித அகத்தை நோக்கிற்று. பின்னது சமுதாயத்தை நோக்கிற்று. இவ்வளர்ச்சியில் கல்லூரித் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு. கவிக்கோ அப்துல் ரகுமான் வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியிலும், இன்குலாப் சென்னைப் புதுக்கல்லூரியிலும், மீரா சிவகங்கை மன்னர் துரைசிங்கம் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தனர். அன்றைய மாணவர்க்குக் கவிஞர் வகுப்பறையிலேயே வாய்த்தார்.

'புதுக்கவிதை புரியவில்லை' என்பது மாணவர் பலரின் முறையீடு. மருதத்திணைப் பாடலில் எருமை பூவை மேய்ந்தால், அங்கே பேசப்படுவது தலைவனின் ஒழுக்கம் என உணர்பவர் நாம். உள்ளுறையும் இறைச்சியும் அறிந்தவர்க்குப் படிமமும் குறியீடும் எட்டாக்கனி ஆகா. முதலில் கவிதையை வாய்விட்டுப் படித்தல் வேண்டும். யாப்பு நீங்கிய இடத்தில் ஓசையைத் தாங்குவது அடி முறியும் இடமே. அஃது ஏன் அங்கு முறிந்தது என வினவுதல் வேண்டும். மீண்டும் மீண்டும் வரும் சொல்லையும், சொல்லாமல் விடப்பட்டதையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். உரைநூலை நாடுவது அதன் பின்னரே. தேர்வு கருதி உரையை மட்டும் மனனம் செய்தால் மதிப்பெண் கிட்டும், கவிதை கிட்டாது.

இனி, கவிஞர் சந்திப்பு. பொன்னாடை, வரவேற்புரை, கைதட்டல், நன்றியுரை ஆகியவற்றோடு விழா முடிந்துவிடுகிறது. வந்தவரின் நூலை அரங்கில் எத்தனை பேர் படித்திருப்பர்? படிக்காமல் வரவேற்பது, விருந்தினரை வாயிலிலேயே நிறுத்தி மாலை சூட்டி அனுப்புவது போன்றது. கவியரங்கில் இருமுறை சொல்லிக் கைதட்டல் பெறும் அடி, தனிமை வாசிப்பில் நிலைக்காமலும் போகலாம்; அரங்கில் கவனம் பெறாத அடி நெடுநாள் நெஞ்சில் தங்கலாம். ஆதலின், ஒரு வாரம் முன்னரே நூலைப் படித்து, ஆளுக்கொரு வினாவோடு செல்வது நன்று. 'இதன் பொருள் என்ன?' எனக் கேட்பதினும், 'இச்சொல்லை ஏன் தேர்ந்தீர்கள்? எதனை நீக்கினீர்கள்?' எனக் கேட்பது பயன் தரும். கவிஞர் கூறும் விளக்கமும் ஒரு வாசிப்பே. அதனை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் கவிதையே சான்று.

கபிலரிடமோ உமறுப் புலவரிடமோ நாம் ஒன்றும் கேட்டறிய இயலாது. மீரா 2002இலும், இன்குலாப் 2016இலும், அப்துல் ரகுமான் 2017இலும் மறைந்தனர். இன்று அவர்களைச் சந்திக்கும் இடம் அவர்தம் நூல்களே. நம்மிடையே வாழும் கவிஞர்களிடம் கேட்கும் வாய்ப்போ இன்னும் நம் கையில் உள்ளது. நூலகம் சென்று ஒரு தொகுப்பையேனும் இவ்வாரமே எடுத்துப் பயில்வோமாக!