குரல் ஏன் துண்டு துண்டாகிறது?

கோடம்பாக்கம் என்றதும் படப்பிடிப்பு நிலையங்களே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் படத்தைப் போலவே ஒலியும் அங்கே ஒரு தொழிலாகும். டப்பிங் கூடத்தில் உதட்டசைவுக்கும் குரலுக்கும் சில பிரேம்கள் இடைவெளி விழுந்தாலே மறுபடி பேசச் சொல்வார்கள். விநாடிக்கு 24 பிரேம்கள் என்பதால் ஒரு பிரேமின் காலம் சுமார் 42 மில்லிவிநாடி. இன்று அதே பகுதியின் மாடி அறைகளில், ஒரு வை-ஃபை இணைப்பைப் பகிர்ந்துகொண்டு விளையாடும் மாணவர்களின் குரல் இதனினும் நுண்ணிய அளவில் வெட்டுப்படுகிறது.

பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டு, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வெளிவந்தது. இதில் நால்வர் ஓர் அணியாக ஆடுவர். "எதிரி... பக்க வீட்டுல" என்று கேட்டால் எந்தப் பக்கம் என்பதுதான் தொலைந்திருக்கும்! இணைப்பின் வேகம் போதவில்லை என்று எண்ணி, கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறுவோர் பலர். அறை வாடகையையே பங்கு போட்டுக் கட்டுவோருக்கு அது பெரும்பாலும் வீண் செலவாகும். ஏன் எனக் காண்போம்.

குரல் பொதுவாக 20 மில்லிவிநாடித் துண்டுகளாக, அதாவது அரை பிரேமுக்கும் குறைவான பொட்டலங்களாக அனுப்பப்படுகிறது. விநாடிக்கு 50 பொட்டலங்கள். ஒன்றில் குரல் 80 பைட், முகவரி முதலியன 40 பைட் என்று கொண்டால் மொத்தம் விநாடிக்கு 48 கிலோபிட்தான். 100 மெகாபிட் இணைப்பில் இது இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே குறைபாடு அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. டப்பிங்கில் ரீடேக் உண்டு. நேரடிப் பேச்சில் கிடையாது. தாமதமாக வந்த பொட்டலம் தொலைந்த பொட்டலமே. 1970களில் அர்பாநெட்டில் குரலை அனுப்பிப் பார்த்த டேனி கோஹன் இதை உணர்ந்திருந்தார். தவறியதைத் திரும்ப அனுப்பும் முறை குரலுக்கு உதவாது என்ற அவரது வாதமும், 1978இல் டிசிபியிலிருந்து ஐபி தனியே பிரிக்கப்பட்டதற்கு ஒரு காரணமாகும்.

பொட்டலங்கள் சற்று முன்பின்னாக வருவதைச் சமன்செய்ய, கேட்பவரின் கைப்பேசி அவற்றைக் கொஞ்சம் தேக்கிவைத்தே ஒலிக்கிறது. அதிகம் தேக்கினால் உரையாடல் பின்தங்கும், குறைத்தால் வெட்டுப்படும். ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

கோளாறு யாரிடம் என்பதை முதலில் அறிய வேண்டும். ஒருவர் குரல் மட்டும் எல்லோருக்கும் வெட்டுப்பட்டால் பெரும்பாலும் பேசுபவர் பக்கம். எல்லோர் குரலும் ஒருவருக்கு மட்டும் வெட்டுப்பட்டால் கேட்பவர் பக்கம். இதைச் செய்யாமல் நால்வரும் ஆளுக்கொரு பக்கம் ரௌட்டரை அணைத்துப் போடுவது வேடிக்கைதான்.

அடுத்து, 'பிங்' கட்டளையால் மூன்று அளவுகள் எடுக்கலாம். முதலாவது நம் ரௌட்டர் வரை. இதிலேயே நேரம் 3, 5, 180, 4 என்று துள்ளினால் குற்றம் வை-ஃபையில். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பில் இருபது ரௌட்டர்கள் அம்மூன்றுக்குள் நெருக்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம். கணினியாயின் கம்பி இழுப்பதே மேல்.

இரண்டாவது, வெளியுலகம் வரை. இது மட்டும் துள்ளினால் இணைப்பு தருபவரிடம் முறையிடலாம். அளவு கையில் இருந்தால் பேச்சு எடுபடும்.

மூன்றாவதே பலரும் செய்யாதது. அறையில் ஒருவர் பெரிய கோப்பு ஒன்றை மேலேற்றும்போது மறுபடி அளக்க வேண்டும். ரௌட்டரில் 1 மெகாபைட் வரிசை சேர்ந்து, மேலேற்றும் வேகம் 10 மெகாபிட்டாக இருந்தால், கடைசிப் பொட்டலம் 0.8 விநாடி காத்திருக்கும். லாரிகளுக்குப் பின்னால் கோடம்பாக்கம் பாலத்தில் மாட்டிக்கொண்ட சைக்கிளைப் போன்றதே நம் குரல். நண்பரின் கைப்பேசி தானாகப் புகைப்படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்புவதே இதற்குப் போதும். இணையவழி நேர்முகத் தேர்வில் நம் விடை பாதியில் அறுவதும் இப்படித்தான். அங்கே தோற்றால் அடுத்த ஆட்டம் உடனே கிடைப்பதில்லை.

அந்நேரம் தானியங்கிச் சேமிப்பை நிறுத்திவைத்தால் செலவின்றித் தீரும். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட 'கோடெல்' முறை, வரிசையில் காத்திருக்கும் நேரத்தையே அளந்து கட்டுப்படுத்துகிறது. சில ரௌட்டர்களில் இது உண்டு. மேலேற்றும் வேகத்தை உண்மை வேகத்தினும் சற்றுக் குறைத்து அதில் குறித்தால் வரிசை நம் கட்டுக்குள் நிற்கும்.

மூன்று அளவுகளும் சீராக இருந்தும் குரல் கெட்டால் காதில் மாட்டியதைச் சந்தேகிக்கலாம். பாட்டுக்கு இனிமையான பல புளூடூத் கருவிகள், மைக் திறந்ததும் அழைப்பு முறைக்கு மாறி, குடத்துக்குள் பேசுவதுபோல் ஒலிக்கும். புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இயங்குவதால் வை-ஃபையோடு மோதி வெட்டுப்படவும் கூடும். கம்பியுள்ள பழைய இயர்போனை ஒரு முறை செருகிப் பேசினால் தெரிந்துவிடும்.