பழைய ஒலிகளும் முதியோர் நினைவும்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு மீட்டர் கேஜ் இரயிலில் சென்றவர்கள் ‘தடக் தடக்’ என்னும் தாளத்தை மறந்திருக்கமாட்டார்கள். தண்டவாளத் துண்டுகள் சேரும் இடைவெளியைச் சக்கரம் கடக்கையில் எழுந்த ஓசை அது. விழுப்புரம்–மயிலாடுதுறைத் தடம் அகலப்பாதையாகி 2010இல் இரயில்கள் மீண்டும் ஓடத் தொடங்கின. நீளமாகப் பற்றவைக்கப்பட்ட தண்டவாளங்களில் அத்தாளம் பெரிதும் அடங்கிவிட்டது. தட்டச்சுப் பொறியில் வரி முடியுமுன் ஒலிக்கும் மணியும், வானொலி நிலையத்தைத் தேடித் திருகும்போது எழும் இரைச்சலும் அவ்வாறே அருகிவிட்டன. எனினும், அவற்றோடு வளர்ந்தவர்களின் நெஞ்சில் அவை தங்கியுள்ளன.

மூளையில் ஒலியை அறியும் பகுதி, நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ், உணர்ச்சிக்குரிய அமிக்டலா ஆகியவை ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆதலால் ஓர் ஒலி, அதைக் கேட்ட இடத்தையும் உடனிருந்தவரையும் சேர்த்தே நினைவூட்டக்கூடும். அல்சைமர் நோயில் பெரும்பாலும் அண்மை நிகழ்வுகளே முதலில் மறக்கின்றன. இளமைக்கால நினைவுகள் நெடுநாள் நிற்பதுண்டு. காலையில் உண்டதைக் கூற இயலாதவர், தாம் தட்டச்சுக் கற்ற நாள்களை விவரிக்கலாம்.

வீட்டு முதியவரோடு இதனை நாம் முயன்று பார்க்கலாம்.

1. காதுகேள் கருவி இருப்பின் முதலில் அதைப் பொருத்துவோம்.

2. அமைதியான வேளையில், ஒரே ஓர் ஒலியை, மெல்லிய அளவில், சில நிமிடங்கள் மட்டும் கைப்பேசியில் ஒலிக்கச் செய்வோம். பக்கத்துப் படுக்கையில் இருப்பவரின் உறக்கத்தையும் கருதுவோம்.

3. “நினைவிருக்கிறதா?” என்று சோதிக்க வேண்டா. “உங்கள் வீட்டில் ரேடியோவை யார் திருகுவார்கள்?” என்று கேட்டுக் காத்திருப்போம். ஆண்டும் பெயரும் பிழையானாலும் திருத்த வேண்டா.

நம் கடலோர மக்களுக்கு வானொலி பாட்டை மட்டும் தரவில்லை. புயல் எச்சரிக்கையையும் தந்தது. 2004 ஆழிப்பேரலையையும் 2011 தானே புயலையும் கண்டவருக்கு ஓர் இரைச்சலே அச்சமூட்டலாம். முகம் வாடினாலோ மூச்சு விரைந்தாலோ ஒலியை நிறுத்தி, கையைப் பற்றி, “மருத்துவமனையில் இருக்கிறீர்கள், நாங்கள் உடனிருக்கிறோம்” என்று சொல்வோம்.

இம்முயற்சி மறதிநோயைக் குணப்படுத்தாது. மருந்துக்கு மாற்றும் ஆகாது. திடீரெனக் குழப்பம் தோன்றினால் அதனை முதுமையின் மறதி என்று விட்டுவிடாமல், உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

முதியவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிச் செவிலியரிடமும் பகிர்வோம். படுக்கை எண்ணால் மட்டும் அறியப்பட்டவர் எந்த ஊரார், என்ன தொழில் செய்தவர், எதில் மகிழ்ந்தவர் என்பது அவரைப் பேணுவோருக்குத் தெரியவரும். நமக்கும் இதுவரை அவர் சொல்லாத ஒரு கதை கிடைக்கலாம்.