சாலி அத்தையைக் கவனி

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் மின்னஞ்சலை உன் பெரியம்மாவும் படித்தாள். ஓஹையோ குளிரைப் பற்றி எழுதியிருந்ததில் மனசு நின்றுவிட்டது அவளுக்கு. மற்றதற்கெல்லாம் நான்தான் பதில் எழுத வேண்டுமாம்.

முதலாண்டு மாணவர்களுக்கு மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நடத்தப் போகிறாய். கறுப்பர்களைக் குறிக்கும் அந்த இழிசொல் அதில் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. உன் வகுப்பில் கறுப்பினப் பெண் ஒருத்திதான். வாய்விட்டுப் படிக்கும்போது என்ன செய்வது, சொல்லை மாற்றிய பதிப்பை வாங்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாய்.

முதல் கேள்விக்கு நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நீயும் சொல்லாதே, யாரையும் சொல்ல விடாதே. “புத்தகத்தில் இருப்பதைத்தானே படிக்கிறேன்” என்று ஒரு பையன் கட்டாயம் கேட்பான். கண்ணால் படி, வாயால் தாண்டிப் போ என்று முதல் நாளே சொல்லிவிடு. அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் மொத்த வகுப்பும் அந்த ஒருத்தியைத் திரும்பிப் பார்க்கும். அதைத் தாங்குவதற்காக அவள் ஃபீஸ் கட்டவில்லை. அவளை அவள் இனத்தின் வக்கீலாக்கி, “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்கவும் கேட்காதே. பேச வேண்டும் என்று தோன்றினால் அவளே கை தூக்குவாள்.

1982-இல் வர்ஜீனியாவில், மார்க் ட்வைன் பெயரையே தாங்கிய ஒரு பள்ளியில், ஜான் வாலஸ் என்ற கறுப்பினக் கல்வியாளர் இந்த நாவலைப் பாடத்திலிருந்து எடுக்கச் சொன்னார். அப்படிக் கேட்பவர்களை இலக்கியம் தெரியாதவர்கள் என்று ஒதுக்குவது நம் ஆங்கிலத் துறைகளின் வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. கறுப்பின நாவலாசிரியர் டோனி மாரிசனுக்கு இலக்கியம் தெரியாதா? சிறு வயதில் இதைப் படித்தபோது தனக்கு ஏற்பட்ட அச்சத்தையும் கலக்கத்தையும் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் நாவலை நீக்குவது பெரியவர்களின் மனச் சமாதானத்துக்குத்தான் உதவும், பிள்ளைகளின் படிப்புக்கு உதவாது என்பதும் அவர் கட்சிதான். இரண்டையும் மாணவர்களிடம் சொல்.

இனி அந்தப் பதிப்பு. 2011-இல் அலபாமாவில் ஆலன் கிரிபன் என்ற பேராசிரியர் அந்த இழிசொல்லை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்று போட்டுக் கொண்டுவந்தது. நல்லெண்ணத்தோடுதான் செய்தார். ஆனால் உன் மாணவர்களுக்கு அது வேண்டாம். ஆறாம் அத்தியாயத்தை எடுத்துப் பார். ஹக்கின் அப்பன், குடித்துவிட்டு உடம்பெல்லாம் சேறாகக் கிடந்தவன், அரசாங்கத்தைத் திட்டித் தீர்க்கிறான். என்ன குற்றம்? உன் ஓஹையோவிலிருந்து ஒரு கறுப்பர் வந்திருக்கிறார். வெள்ளைவெளேர் என்ற சட்டை, தங்கக் கடிகாரச் சங்கிலி, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. கல்லூரிப் பேராசிரியர், பல மொழிகள் பேசுவார். சொந்த ஊரில் அவருக்கு ஓட்டும் உண்டு என்று கேட்டதும் குடிகாரனுக்குத் தாங்கவில்லை, இனி ஓட்டே போடமாட்டேன் என்கிறான். அந்தப் பேராசிரியர் யாருக்கும் அடிமை இல்லை. படித்தாலும் உடுத்தினாலும் நீ அதுதான் என்று சொல்வதற்குத்தானே குடிகாரனுக்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது? அங்கே ‘அடிமை’ என்று போட்டால் பேச்சில் இருந்த விஷமெல்லாம் இறங்கி, வெறும் குடிகார உளறலாகிவிடும்.

ஆனால் இந்தக் குடிகாரன் நடத்துவதற்கு எளிது. அவனைப் பார்த்து, நாம் இப்படி இல்லை என்று மாணவர்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவார்கள். ஒரு வகுப்பு முழுவதையும் நீ சாலி அத்தைக்கு வைத்துக்கொள்.

அர்க்கன்சா பண்ணை வீட்டுக்கு ஹக் வருகிறான். தன் சகோதரி மகன்தான் வந்துவிட்டான் என்று நினைத்துக் கட்டி அணைத்து, கண்ணீர் விட்டு, சூடாகச் சாப்பாடு கொண்டுவா என்று அடிமைப் பெண்ணை விரட்டுகிறாள் அத்தை. படகு ஏன் தாமதம் என்று கேட்கிறாள். என்ஜின் வெடித்துவிட்டது என்று ஹக் கதை விடுகிறான். யாருக்காவது அடிபட்டதா என்று பதறுகிறாள். யாருக்கும் இல்லை, ஒரு கறுப்பன்தான் செத்தான் என்கிறான், அந்த இழிசொல்லைப் போட்டு. நல்லவேளை, சில சமயம் மனுஷருக்கு அடிபட்டுவிடுகிறதே என்று பெருமூச்சு விடுகிறாள் அத்தை. மனசில் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை. உபசாரத்தில் குறை சொல்ல முடியாது. அந்த இரண்டு வரியிலிருந்து இழிசொல்லை மட்டும் உருவிப் போட்டுப் பார், கொடூரம் அப்படியே இருக்கும்.

இன்னொன்றும் கவனி. அதற்கு முந்தைய அத்தியாயத்தில்தான் தன்னோடு தப்பி வந்த அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுக்கும் கடிதத்தை ஹக் கிழித்துப் போடுகிறான், அதற்காக நரகம் கிடைத்தாலும் சரி என்று. அதே வாய்தான் இங்கே யாருக்கும் அடிபடவில்லை என்கிறது. அத்தைக்கு ஏற்றபடி நடிக்கிறானா, பழக்கதோஷமா என்று வகுப்பில் அடித்துக்கொள்ளட்டும். நீ தீர்ப்புச் சொல்லாதே.

ட்வைன் சாலி அத்தைகளின் நடுவே வளர்ந்தவர். 1896-இல் பம்பாய்க்கு வந்தபோது, ஹோட்டலில் ஒரு ஜெர்மானியன் நம் நாட்டு வேலைக்காரர் ஒருவரை அறைந்ததைப் பார்த்தார். சிறு தப்புக்கெல்லாம் அடிமைப் பையனை அடித்த தன் அப்பா அந்த நிமிஷமே நினைவுக்கு வந்தாராம். தாம் சிறுவனாக இருந்தபோது, வேலையில் ஏதோ பிசகியதற்காக ஓர் அடிமையின் மண்டையில் ஒருவன் இரும்புத் தாதுக் கட்டியை வீசியதையும், ஒரு மணி நேரத்தில் அந்த ஆள் செத்ததையும் அதே இடத்தில் எழுதுகிறார். ஊரில் யாரும் அந்தக் கொலையை ஆதரிக்கவில்லை. யாரும் அதிகம் பேசவும் இல்லை.

அதற்காக ட்வைனைக் கோயிலில் வைத்துக் கும்பிட வேண்டாம். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடிய மேடைக் கூத்தின் சாயல் ஜிம்மிடம் இருக்கிறது என்று கறுப்பின எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் 1958-லேயே சொல்லிவிட்டார். கடைசி அத்தியாயங்களில் ஹக்கின் நண்பன் டாம் சாயரின் விளையாட்டுக்காக ஜிம் பொம்மையாகிப் போவதை எனக்கு இன்றும் பொறுமையாகப் படிக்க முடிவதில்லை. அந்த இடத்தில் பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’ நாவலிலிருந்து சில பக்கங்கள் கொடு. 2024-இல் வந்தது, புலிட்சர் பரிசும் பெற்றது. கதையைச் சொல்பவர் ஜிம்தான். வெள்ளையர் காது கேட்க ஒரு பேச்சு, தமக்குள் வேறு பேச்சு என்று அடிமைகள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் காட்சி ஒன்று போதும்.

கடைசியாக, உன் தோழி வீட்டு விருந்து. எலுமிச்சைச் சாதமும் வடையும் தட்டில் வைத்துக்கொண்டே, “அந்தப் பக்கம் வீடு பார்க்காதேம்மா, அங்கெல்லாம் அவங்க இருக்காங்க” என்று அந்த வீட்டு அம்மாள் சொன்னதாக எழுதியிருந்தாய். உன்மேல் உள்ள அக்கறையில் சொன்னதுதான், எனக்குச் சந்தேகமே இல்லை. நீயும் அதை அக்கறையாகவே எழுதியிருக்கிறாய், அதுதான் எனக்கு உறுத்தியது.

அந்த அம்மாளுக்கும் உனக்கும் அமெரிக்காவில் இடம் எப்படிக் கிடைத்தது? இந்தியர்கள் வெள்ளையர் இல்லை, அதனால் குடியுரிமை கிடையாது என்று 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-இல் சட்டம் மாறிய பிறகும் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு நூறு பேருக்குத்தான் இடம். கதவு திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்தில். அதே வருஷம் மார்ச்சில் செல்மா பாலத்தில் போலீஸிடம் மண்டை உடைபட்டவர்கள் கறுப்பர்கள். அவர்கள் கேட்டது ஓட்டுரிமை. அந்தப் போராட்டம் நாட்டின் மனசாட்சியை அசைத்திராவிட்டால் குடியேற்றச் சட்டமும் அசைந்திருக்காது. அந்த அம்மாளிடம் இதைப் பிரசங்கம் செய்யாதே, சாப்பாடு போட்டவரை விருந்தில் வைத்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் மரியாதை அல்ல. மறுபடி அந்தப் பேச்சு வந்தால், “அங்கே யாரையாவது உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி?” என்று மட்டும் கேள். வீட்டை உன் வாடகைக்கும் பஸ் வசதிக்கும் தகுந்தபடி பார்.

‘ஜேம்ஸ்’ படித்து முடித்ததும் ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பு. இங்கே நூலகத்தில் இன்னும் வாங்கவில்லை.

அன்புடன்,
பெரியப்பா