வீடியோ ஓடும்போது கம்ப்யூட்டர் நின்றுபோகிறதா? செலவுக்கு முன் விசாரணை



ஒரு மானிட்டரில் ஆசிரியரின் வீடியோ பாடம், பக்கத்து மானிட்டரில் குறிப்பு எழுதும் பக்கம். போட்டித் தேர்வுக்கு வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளும், வீட்டில் இருந்தபடி கணக்கு வேலையும் டேட்டா என்ட்ரியும் பார்க்கும் சகோதரிகளும் இப்போது இரண்டு திரைகளை வைத்துக்கொள்கிறார்கள். அவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்றே: "வீடியோ போட்டால் சிஸ்டம் ஹேங் ஆகிவிடுகிறது." அதற்கு அடுத்த பேச்சு, புதிய கம்ப்யூட்டர் வாங்குவது. கையில் பணம் இல்லாத குடும்பம் தவணைக் கடனையும் வட்டியையும் நோக்கித் தள்ளப்படுவது இந்த இடத்தில்தான்.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்றுத்தரும் ஒழுக்கம். "கம்ப்யூட்டர் போய்விட்டது" என்பதும் ஒரு செய்திதான். அதை விசாரிக்கும் முறையை இந்தப் பாடத்தில் பார்ப்போம். இங்கே சொல்பவை விண்டோஸ் 10, 11 உள்ள கம்ப்யூட்டர்களுக்கானவை.

முதலில் நோயை அடையாளம் காணுங்கள்

'ஹேங்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது நான்கு வெவ்வேறு கோளாறுகளாக இருக்கலாம்.

அ) வீடியோவில் வட்டம் சுற்றுகிறது, ஆனால் மவுஸ் நன்றாக நகர்கிறது. பெரும்பாலும் இது இணைய வேகத்தின் குறை. கம்ப்யூட்டர் மீது பழி இல்லை.

ஆ) படம் நின்றுவிட்டது, ஆசிரியரின் குரல் மட்டும் தொடர்ந்து கேட்கிறது. கிராஃபிக்ஸ் பகுதியிலோ அதை இயக்கும் டிரைவர் மென்பொருளிலோ கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

இ) எல்லாமே ஆமை வேகம், சொடுக்கினால் அரை நிமிடம் கழித்துத் திறக்கிறது. ரேம் பற்றாக்குறை அல்லது ஹார்டு டிஸ்க் திணறல்.

ஈ) மவுஸும் அசையவில்லை, ஒலியும் ஒரே இடத்தில் இரைகிறது, அல்லது தானாக அணைந்துவிடுகிறது. சூடு, மின்சப்ளை, ரேம், டிரைவர் ஆகியவற்றில் ஒன்று.

திரை நின்றவுடன் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். சேமிக்காத வேலை போய்விடும். முதலில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' ஆகிய நான்கு கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருந்த பக்கங்கள் மூடாது. இதனால் உயிர் வந்துவிட்டால், நோய் 'ஆ' வகை என்பதற்கு அது நல்ல அடையாளம்.

இரண்டாவது திரையால் என்ன கூடுகிறது?

1920 x 1080 அளவுள்ள ஒரு மானிட்டரில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அவை நொடிக்கு 60 முறை அனுப்பப்படுகின்றன. இரண்டாவது மானிட்டர் வந்தால் இந்த வேலை இரட்டிப்பாகிறது. அதன் மேல், இணையத்தில் வரும் வீடியோ சுருக்கி மடித்து அனுப்பப்படுவது. ஒவ்வொரு படத்தையும் விரித்துக் காட்ட வேண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் இந்த வேலைக்கான நினைவகமும் ரேமிலிருந்தே எடுக்கப்படுகிறது. 4 ஜி.பி. ரேம் மட்டும் உள்ள கம்ப்யூட்டர் ஏன் மூச்சுத் திணறுகிறது என்பது இதிலிருந்து புரியும்.

வரிசையாகச் சோதியுங்கள்

வுளூவில் வரிசை பேணுவதுபோல் இதிலும் வரிசை பேணுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். பிறகு அதே வீடியோவை அதே நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். நான்கு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது மருந்து என்று தெரியாமலே போய்விடும்.

1. ஒரு மானிட்டரைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் நின்றுபோனால் இரண்டு திரை காரணம் அல்ல. நேராக 4-வது படிக்குச் செல்லுங்கள். சரியாகிவிட்டால் அடுத்த படியிலிருந்து தொடருங்கள்.

2. கேபிள் எங்கே போகிறது என்று பாருங்கள். சிபியு பெட்டியின் பின்புறம் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் இரண்டு கேபிளும் அதிலேயே செருகப்பட வேண்டும். ஒன்று கார்டிலும் மற்றொன்று மதர்போர்டிலும் இருந்தால், இரு வேறு கிராஃபிக்ஸ் பகுதிகளுக்கு இடையே வீடியோ அல்லாட நேரும். தனி கார்டு இல்லையென்றால் மதர்போர்டு இணைப்பே சரி. யு.எஸ்.பி. வழியாக மானிட்டரை இணைக்கும் சில அடாப்டர்கள் படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலையை பிராசஸர் மேல் ஏற்றுகின்றன. நேரடி எச்.டி.எம்.ஐ. இணைப்பு இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள்.

3. இரண்டு திரைகளின் ரெஃப்ரெஷ் ரேட்டை ஒன்றாக்குங்கள். ஒன்று 60 ஹெர்ட்ஸ், மற்றொன்று 75 அல்லது 144 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் சில கம்ப்யூட்டர்களில் வீடியோ தட்டுத் தடுமாறும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற வழியில் சென்று இரண்டையும் 60 ஆக்கிப் பாருங்கள்.

4. பிரவுசரில் கிராஃபிக்ஸ் உதவியை நிறுத்திப் பாருங்கள். குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில் 'கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன்' என்றொரு சுவிட்ச் உண்டு. பழைய பதிப்பில் 'ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன்' என்றிருக்கும். அதை அணைத்துவிட்டு பிரவுசரை மூடித் திறங்கள். ஹேங் நின்றுவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் டிரைவர்தான். ஆனால் இதுவே நிரந்தர மருந்து அல்ல. இப்போது வீடியோவை விரிக்கும் பாரம் முழுதும் பிராசஸர் தலையில் இருக்கிறது. அடுத்த படியில் டிரைவரைச் சரிசெய்த பின் சுவிட்சைத் திரும்பப் போடுங்கள். அணைத்த பிறகு நிலைமை மோசமானாலும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

5. டிரைவரைப் புதுப்பியுங்கள். இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா ஆகியவற்றில் உங்களுடையது எதுவோ அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தோ, கம்ப்யூட்டர் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். 'எல்லா டிரைவரையும் இலவசமாகச் சரிசெய்கிறோம்' என்று வரும் விளம்பரங்களைத் தொடாதீர்கள். புதிய டிரைவர் ஏறிய பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, 'ரோல் பேக் டிரைவர்' மூலம் பழையதற்குத் திரும்பலாம்.

6. பாரத்தை அளந்து பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வீடியோ ஓடும்போது மெமரி, டிஸ்க், சி.பி.யு., ஜி.பி.யு. ஆகியவற்றில் எது 100 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். மெமரி நிரம்பினால் வேண்டாத டேப்களை மூடுங்கள். சி.பி.யு. நிரம்பினால் வீடியோ தரத்தை 1080-லிருந்து 720-க்கோ 480-க்கோ குறையுங்கள். யூடியூபில் இப்போது வரும் ஏ.வி.1 என்ற வீடியோ வகையை விரிக்கும் வசதி பழைய கிராஃபிக்ஸ் சில்லுகளில் இல்லை. அதனால்தான் முன்பு நன்றாக ஓடிய கம்ப்யூட்டர்கூட இப்போது திணறக்கூடும்.

7. சூட்டையும் தூசியையும் கவனியுங்கள். மின் இணைப்பை எடுத்துவிட்டு, சிபியு பெட்டியின் ஃபேன்களில் படிந்த தூசியை மெல்லிய தூரிகையால் அகற்றுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். அதன் மேல் துணி போட்டு மூடிவிட்டு ஓட்டாதீர்கள்.

கடைக்குக் கொண்டுபோகும் முன்

ஏழு படிகளுக்கும் பிறகு குறை நீடித்தால் மெக்கானிக்கிடம் செல்லுங்கள். எந்தத் தேதி, எத்தனை நிமிடத்தில், எந்த வகையில் நின்றது, எதை மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அது அவருடைய நேரத்தையும் உங்கள் பணத்தையும் காக்கும். "ஃபார்மட் பண்ணிடலாம்" என்பதை முதல் பதிலாக ஏற்காதீர்கள். பாடக் குறிப்புகளும் சான்றிதழ் நகல்களும் வேறோரிடத்தில் பத்திரமான பிறகே அதற்குச் சம்மதியுங்கள்.

இன்னொன்று, இதைவிட முக்கியம். வீட்டுப் பெண்களின் படங்கள், வங்கி விவரங்கள், ஆதார் நகல்கள் உள்ள டிஸ்க்கை அப்படியே அயலாரிடம் கொடுப்பது சரியல்ல. அவற்றைப் பென் டிரைவுக்கு மாற்றிக்கொண்டு, கம்ப்யூட்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் நீக்குங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் அகற்றுங்கள். இப்படி அழித்தவற்றைக்கூட மீட்டெடுக்கும் மென்பொருள்கள் உண்டு என்பதால், நம்பிக்கையான கடையில், கூடவே இருந்து பழுதுபார்த்து வருவது நல்லது. குடும்பத்தின் மானமும் அமானிதமே.

பொருள் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றாலும், முழு கம்ப்யூட்டரையும் மாற்றத் தேவையிருக்காது. மெமரி நிரம்பியதுதான் குறை என்று டாஸ்க் மேனேஜர் காட்டினால் இன்னொரு ரேம். டிஸ்க் திணறினால் எஸ்.எஸ்.டி. இவ்வளவே பெரும்பாலும் போதும்.

வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கம் நம்முடையது. பழுதில்லாத கம்ப்யூட்டரைத் தூக்கி எறிவதும் விரயமே. அதற்காக வட்டியில் விழுவது அதைவிடப் பெரிய நஷ்டம். கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்கள் மேற்சொன்ன குறிப்புத் தாளையும் இணைத்துக் கொண்டுவாருங்கள். உண்மையிலேயே கம்ப்யூட்டர் இல்லாமல் தவிக்கும் பிள்ளைக்கு அந்தத் தொகை போய்ச்சேர, உங்கள் அரை மணி நேர விசாரணை காரணமாகலாம், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்