ஒரே நிமிடத்தில் நின்றுபோகும் பதிவு

கேள்வி: அலுவலகக் கணினி மதியம் ஆனால் திணறுகிறது. காரணம் அறிய, விண்டோஸ் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் ‘சிஸ்டம் பெர்ஃபார்மன்ஸ்’ பதிவைத் தொடங்கினால் ஒரே நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: அது பழுதல்ல. அந்தப் பதிவின் கால அளவே 60 விநாடிதான். அதில் கெர்னல் டிரேசும் சேர்வதால், நீண்ட நேரம் ஓடவிட்டால் கோப்பு வெகுவாகப் பெருத்துவிடும். எனவே ‘யூசர் டிஃபைண்ட்’ பகுதியில் புதிய டேட்டா கலெக்டர் செட் ஒன்றை நீங்களே உருவாக்குங்கள். பிராசசர், மெமரி, டிஸ்க் கவுன்ட்டர்களை மட்டும் சேருங்கள். 15 விநாடிக்கு ஒருமுறை பதிந்தால் போதும்.

கணினியை ரீஸ்டார்ட் செய்தால் பதிவு நின்றுவிடும்; தானாகத் தொடங்க டாஸ்க் ஷெட்யூலரில் ஏற்பாடு செய்யுங்கள். கோப்புகள் வழக்கமாக சி டிரைவின் ‘பெர்ஃப்லாக்ஸ்’ ஃபோல்டரில் சேரும். வேலை முடிந்ததும் பதிவை மறக்காமல் நிறுத்திவிடுங்கள்.