கண்டி பக்கம் பிறந்தவர் ஆண்டிபட்டியில் ஜெயிச்சது எப்படி?

ஆண்டிபட்டியில் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்வாங்க, 1984-ல் எம்.ஜி.ஆர். நேரில் வராமலேயே இங்க ஜெயிச்சார்னு. அப்போ அவர் நியூயார்க்கில் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தார். (ஆண்டிபட்டியும் அப்போ மதுரை மாவட்டம்தான், தேனி மாவட்டம் வந்தது 1996-ல்.) இதில் ஒரு விஷயத்தை நாம கவனிக்கிறதே இல்லை. அவர் படுத்திருந்த அந்த நாட்டோட விதி இங்க இருந்திருந்தா, அவர் பிறந்த ஊரே ஒரு வழக்கா மாறியிருக்கும்.

அமெரிக்க அரசியல் சட்டப்படி ஜனாதிபதி ஆக 35 வயசு ஆகியிருக்கணும், 14 வருஷம் அங்க குடியிருந்திருக்கணும், கூடவே 'நேச்சுரல் பார்ன் சிட்டிசன்' ஆவும் இருக்கணும். அப்படின்னா என்னன்னு அந்தச் சட்டம் எங்கேயும் சொல்லலை. பிரச்சினையே அதுதான். ஜான் மெக்கெய்ன் பிறந்தது பனாமா கால்வாய்ப் பகுதியில், டெட் குரூஸ் பிறந்தது கனடாவில். ரெண்டு பேர் மேலயும் இந்தக் கேள்வி வந்துச்சு. கமலா ஹாரிஸ் ஓக்லாண்டில் பிறந்தவர். அப்படியும் அவர் அம்மா தமிழ்நாட்டிலிருந்து போனவர்னு சொல்லி 2020-ல் சிலர் கிளப்பினாங்க. ஆனா சீனப் பெற்றோருக்கு சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த வாங் கிம் ஆர்க் குடிமகன்தான்னு அங்கத்த சுப்ரீம் கோர்ட் 1898-லேயே சொல்லிருச்சு.

நம்ம சட்டத்தில் இந்த வார்த்தையே கிடையாது. ஜனாதிபதிக்கு 58-ஆவது பிரிவு, எம்.எல்.ஏ.வுக்கு 173-ஆவது பிரிவு. ரெண்டுலயும் கேட்கிறது 'இந்தியக் குடிமகனா?' என்பதுதான், எப்படிக் குடிமகன் ஆனார்னு கேட்கிறதில்லை. 1983-ல் பதிவு மூலம் குடியுரிமை வாங்கிய சோனியா காந்தி பிரதமர் ஆகலாமான்னு 1999-ல் காங்கிரஸே உடைஞ்சது. சட்டப்படி தடை எதுவும் இல்லை, எதிர்ப்பு முழுக்க அரசியல்தான்.

சரி, எம்.ஜி.ஆர். எப்படிக் குடிமகன் ஆனார்? 1917-ல் நாவலப்பிட்டியில் பிறந்தவர், சின்ன வயசிலேயே கும்பகோணம் வந்துட்டார். 5-ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, சட்டம் அமலுக்கு வந்த அன்னைக்கு இந்தியாவை நிரந்தர இருப்பிடமாக் கொண்டிருக்கணும். அதோட மூணில் ஒண்ணு போதும்: இங்க பிறந்திருக்கணும், இல்லைன்னா அப்பாவோ அம்மாவோ இங்க பிறந்திருக்கணும், இல்லைன்னா அதுக்கு முன்னாடி தொடர்ந்து அஞ்சு வருஷம் இங்க குடியிருந்திருக்கணும். 1936-லிருந்தே இங்க சினிமாவில் நடிச்சுட்டிருந்தவருக்கு அந்த அஞ்சு வருஷம் பெரிய விஷயமே இல்லை.

ஆனா அதே மலையில் தேயிலை பறிச்ச நம்மாளுங்களுக்குக் கதை வேற. கம்பம், போடியிலிருந்து தினமும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போறவங்க தாண்டுறது ஒரு மாநில எல்லையைத்தான். இடுக்கியில் குழந்தை பிறந்தாலும் நாடு மாறாது. கடல் தாண்டிப் போனவங்களுக்கு மாறிருச்சு. 1948 இலங்கைச் சட்டம் அங்க பிறந்தது மட்டும் போதாது, அப்பாவும் அங்கதான் பிறந்திருக்கணும்னு கேட்டது. எஸ்டேட் லயத்தில் பிறப்புச் சான்றிதழுக்கு எங்க போக? லட்சக்கணக்கான பேர் எந்த நாட்டுக்காரரும் இல்லாம ஆனாங்க. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் அவங்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்குன்னு பிரிச்சது. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டாங்க! இத்தனைக்கும் அவங்க தலைவர் தொண்டமான் பிறந்தது தமிழ்நாட்டில், 1978-ல் மந்திரி ஆனது இலங்கையில்.

நம்ம சட்டமும் போகப்போக இறுகிருச்சு. 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இங்க பிறந்திருந்தாலே போதும். அதுக்கப்புறம் பெற்றோரில் ஒருத்தர் இந்தியரா இருக்கணும். 2004 டிசம்பர் 3-லிருந்து ஒருத்தர் இந்தியர்னா, இன்னொருத்தர் சட்டவிரோதமா வந்தவரா இருக்கக்கூடாது. நான் அந்தத் தேதிக்கு முந்தி, ஃபர்ஸ்ட் இயர் பசங்க பிந்தி. நமக்கு இது வெறும் தேதி.

அகதி முகாமில் அப்படி இல்லை. 1987-க்கு முன்னாடி இங்க முகாமில் பிறந்த ஒரு இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி ஐகோர்ட் மதுரைக் கிளை 2022-ல் உத்தரவு போட்டுச்சு. அவர் பிறப்பாலேயே இந்தியர். அதே முகாமில், அதே மாதிரி அகதிப் பெற்றோருக்கு 1988-ல் பிறந்தவர் இன்னிக்கும் வெளிநாட்டுக்காரர்தான். எம்.எல்.ஏ. ஆகுறதெல்லாம் இருக்கட்டும், ஆண்டிபட்டியில் அவரால ஓட்டே போட முடியாது.