கம்பளிச் செருப்பும் கண்ணிக் கணக்கும்

குளிர் மிகுந்த நாடுகளில் வீட்டினுள் அணிவதற்கென்று கம்பளி நூலால் செருப்புப் பின்னிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இலையுதிர் காலம் தொடங்கியதும் தரை சில்லிட்டுப்போகும். வெளிக்காலணியை வாயிலில் கழற்றிவிட்டு, பாதம் முழுவதையும் மூடும் மெத்தென்ற இச்செருப்பை அணிந்தே வீட்டார் நடமாடுவர். நம் நாட்டிலும் கூதிர்ப் பருவமாகிய ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உதகமண்டலம், கொடைக்கானல் முதலிய மலையூர்களில் இத்தகைய செருப்புக்குப் பயனுண்டு. இதனைப் பின்னும் முறையையும், அம்முறையில் கூட்டுறவு அங்கத்தினர் கற்கவேண்டிய ஒரு கணக்கையும் இக்கட்டுரை விளக்கும்.

செல்பு ஊரின் அனுபவம்

நார்வே நாட்டில் ட்ரொண்ட்ஹைம் நகருக்குத் தென்கிழக்கே செல்பு என்னும் ஊர் இருக்கிறது. முற்காலத்தில் அவ்வூர் ஆடவர் மலையில் எந்திரக்கல் வெட்டிப் பிழைத்தனர். பெண்டிர் ஆடு மாடுகளைப் பேணினர். கோடையில் மலைமேல் மேய்ந்த ஆடுகளைச் செப்டம்பர் மாதத்தில் கீழே ஓட்டிவருவது அந்நாட்டு வழக்கம். அறுவடையும் முடிந்து இரவு நீளும் காலமாதலால், கைகள் பின்னல் ஊசியைத் தேடும்.

1857-ஆம் ஆண்டில் மாரிட் எம்ஸ்டாட் என்னும் பதினாறு வயதுப் பெண்ணும் அவள் சகோதரியர் இருவரும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோலமிட்டுப் பின்னிய கையுறைகளை அணிந்து அவ்வூர்த் தேவாலயத்திற்குச் சென்றனர் என்று கூறுவர். எட்டிதழ்ப் பூப்போன்ற அக்கோலம் ஊரெங்கும் பரவிற்று; பின்னர் வெளியூர்ச் சந்தைக்கும் சென்று, குடும்பங்களுக்கு வருவாய் தரும் உபதொழிலாயிற்று.

வியாபாரம் பெருகியபோது ஓர் இடையூறும் தோன்றியது. நூற்றுக்கணக்கான வீடுகளில் நூற்றுக்கணக்கான கைகள் பின்னும்போது ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும், ஒன்று நெருக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் அமைவது இயல்பு. தரத்தைப் பரிசீலித்து விற்பதற்கென்றே 1934-ஆம் ஆண்டில் அவ்வூரில் கைத்தொழில் நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில், 1935-இல், சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர்களுக்கான தலைமைக் கூட்டுறவுச் சங்கம், பிற்காலத்துக் கோ-ஆப்டெக்ஸ், தோன்றியதை நம் அங்கத்தினர் அறிவர். வெவ்வேறு வீட்டில் விளையும் பொருள் ஒரே அளவும் ஒரே தரமும் உடையதாயிருந்தாலன்றிச் சங்கத்தின் பெயரால் அதனை விற்க இயலாது. இவ்வுண்மை கையுறைக்கும் சேலைக்கும் செருப்புக்கும் பொதுவானது.

இருநிறப் பின்னல் ஏன்?

இரு நிற நூல்களைக் கொண்டு கோலம் பின்னும்போது, ஒரு நிறம் முகப்பில் கண்ணியாக விழ, மற்றது பின்புறத்தில் ஓடி வருகிறது. இதனால் துணி இரட்டைத் தடிப்பை அடைகிறது. இரண்டு நூல்களுக்கும் இடையே தங்கும் காற்று பாதத்தின் சூட்டை வெளியேற விடாமல் காக்கிறது. ஆகவே கோலம் அழகுக்கு மட்டும் ஏற்பட்டதன்று.

ஆயினும் பின்னோடும் நூல் அதிக நீளமானால் கால்விரல் அதில் மாட்டிக்கொள்ளும். அதனை இறுக்கி இழுத்தால் துணி சுருங்கிக் கால் நுழையாது. ஐந்து கண்ணிகளுக்கு மேல் ஒரு நூலைப் பின்னே ஓடவிடலாகாது என்பதை விதியாகக் கொள்க. நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும் வலக்கை ஊசியிலுள்ள கண்ணிகளைச் சற்றுப் பரப்பிவிட்டுப் பின்னினால் நூல் இறுகாது.

தேவையான பொருள்கள்

நடுத்தரப் பருமனுள்ள கம்பளி நூல், அடர்நிறம் 75 கிராம், வெள்ளை 25 கிராம்; இருமுனையும் கூரான பின்னல் ஊசி ஐந்து (3½ அல்லது 4 மில்லிமீட்டர்); தைக்கும் மொட்டை ஊசி ஒன்று; அளவு நாடா; அடியில் தைக்க மெல்லிய தோல் துண்டுகள். பாதம் 24 சென்டிமீட்டர் நீளமும், விரல்களுக்குப் பின்னுள்ள அகன்ற பகுதியில் 23 சென்டிமீட்டர் சுற்றளவும் உள்ளவருக்கு ஒரு ஜோடி பின்ன இவை போதும்.

மாதிரித் துண்டு

தறியில் துணியின் நெருக்கத்தை அச்சு நிர்ணயிக்கிறது. பின்னலுக்கு அச்சு இல்லை, கையே அச்சு. ஆதலின் முதலில் மாதிரித் துண்டு பின்னியே தீரவேண்டும்.

30 கண்ணிகளை ஏற்றி, குழாய் வடிவில் சுற்றிச் சுற்றி, கீழே கூறப்படும் கோலத்தில் 10 சென்டிமீட்டர் உயரம் பின்னுக. அதனை நனைத்து, நிழலில் உலர்த்தி, பலகையில் படுக்கவைத்து, 5 சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை கண்ணிகள் உள்ளன என்று எண்ணுக. 11 இருப்பின் சரி. அதாவது 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள். குறைந்தால் மெல்லிய ஊசியையும், மிகுந்தால் பருத்த ஊசியையும் எடுத்து மறுபடி பின்னுக.

இதன் அவசியத்தைக் கணக்கால் அறியலாம். நம் செருப்பின் சுற்றில் 48 கண்ணிகள் உள்ளன. பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி பின்னுபவரின் செருப்பு ஏறக்குறைய 21.8 சென்டிமீட்டர் சுற்றளவு பெற்று, பாதத்தை இதமாகப் பற்றும். 20 கண்ணி பின்னுபவருக்கு 24 சென்டிமீட்டர் வரும். அது காலினின்று கழன்றுவிடும். 24 கண்ணி பின்னுபவருக்கு 20 சென்டிமீட்டரே வரும். இருநிறப் பின்னல் அதிகம் நீளாதாகையால் அது காலில் ஏறாது. நூலும் ஒன்று, எண்ணிக்கையும் ஒன்று. கை மட்டுமே வேறு.

பின்னும் முறை

முதலாவது, குதிகாற் பகுதி. அடர்நிற நூலால் 48 கண்ணிகளை ஏற்றி, இரண்டு ஊசிகளைக் கொண்டு முன்னும் பின்னுமாக, எல்லா வரிசைகளையும் நேர்ப்பின்னலாகவே பின்னுக. ஏறக்குறைய 48 வரிசைகளில் 11 சென்டிமீட்டர் நீளம் கிடைக்கும். இப்பின்னல் தடிப்பானது, குதிகாலுக்கு ஏற்றது.

இரண்டாவது, முன்பகுதி. கண்ணிகளை நான்கு ஊசிகளில் 12 வீதம் பகிர்ந்து, இரு ஓரங்களையும் இணைத்து வட்டமாக்குக. இணைந்த இடம் பாதத்தின் மேற்புற நடுவாகும். அடர்நிறத்தில் ஒரு சுற்று முடித்தபின், மேலும் 24 கண்ணிகள் பின்னி அடிப்புற நடுவுக்கு வந்து, அங்கிருந்து கோலத்தைத் தொடங்குக. சுற்றுக்குச் சுற்று கோலத்தில் ஏற்படும் சிறு பிசகு அடியில் மறைந்துவிடும்.

கோலம் ஆறு கண்ணிக்கு ஒருமுறை திரும்பும். ஒரு சுற்றில் எட்டுமுறை வரும்.

முதற் சுற்று: வெள்ளை 1, அடர்நிறம் 5.
இரண்டாம் சுற்று: வெள்ளை 2, அடர்நிறம் 3, வெள்ளை 1.
மூன்றாம் சுற்று: வெள்ளை 3, அடர்நிறம் 1, வெள்ளை 2.
நான்காம் சுற்று: இரண்டாம் சுற்றைப் போன்றதே.

இந்நான்கு சுற்றுகளையும் நான்குமுறை பின்னி, இறுதியில் முதற் சுற்றை மீண்டும் ஒருமுறை பின்னுக. வெள்ளைச் சாய்சதுரமும் அடர்நிறச் சாய்சதுரமும் மாறிமாறி அமையும். எவ்விடத்தும் பின்னோடும் நூல் ஐந்து கண்ணிகளைத் தாண்டாமையைக் காண்க.

மூன்றாவது, விரற் பகுதி. வெள்ளை நூலை வெட்டிவிட்டு, அடர்நிறத்தில் மட்டும் பின்னுக. அடிப்புறத்திற்கு 24, மேற்புறத்திற்கு 24 எனக் கண்ணிகளைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் இரு முனைகளிலும் ஓர் ஓரக்கண்ணியை விட்டு அடுத்த இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னுக. இவ்வாறு ஒரு சுற்றில் 4 கண்ணிகள் குறையும். ஒரு சுற்று குறைத்து ஒரு சுற்று குறைக்காமல் மூன்று முறை செய்தால் 36 கண்ணிகள் எஞ்சும். பின்பு நான்கு சுற்றுகளில் தொடர்ந்து குறைத்தால் 20 எஞ்சும். மேற்புறக் கண்ணிகள் பத்தையும் அடிப்புறக் கண்ணிகள் பத்தையும் எதிரெதிரே சேர்த்துத் தைத்து மூடுக.

நான்காவது, குதிகால் தையல். கண்ணி ஏற்றிய ஓரத்தை இரண்டாக மடித்து, மேலிருந்து கீழாக இருபுறமும் 18 கண்ணிகள் வரை இணைத்துத் தைக்க. நடுவில் 12 கண்ணிகள் எஞ்சும். தையலின் கீழ்முனையை அப்பன்னிரண்டின் நடுவோடு சேர்த்து, இருபக்கமும் குறுக்காகத் தைத்து மூடினால், குதிகால் கூம்பாமல் தட்டையாக அமரும்.

வழுவழுப்பான தரையில் வெறுங் கம்பளி வழுக்கும். முதியோர் விழுந்து இடுப்பு முறிவதற்கு இதுவே காரணமாகலாம். எனவே குதிகாலின் கீழும் விரல்களின் பின்னுள்ள பகுதியின் கீழும் தோல் துண்டுகளை, சொரசொரப்பான பக்கம் வெளியே இருக்குமாறு, தைத்த பின்னரே செருப்பைப் பயன்படுத்த வேண்டும். வெந்நீரில் கசக்கித் துவைத்தால் கம்பளி சுருங்கித் தடித்துவிடும். குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பிட்டு அலசி, பிழியாமல் துணியில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கவைத்து உலர்த்துக.

விலைக் கணக்கு

ஒரு ஜோடியில் ஏறக்குறைய 7,000 கண்ணிகள் உள்ளன. நிமிடத்திற்கு 20 கண்ணிகள் பின்னும் கைக்கு ஆறு மணி நேரம் பிடிக்கும். தையலும் மாதிரித் துண்டும் வேறு. ஓய்வு நேரத்தில் செய்த வேலைதானே என்று நூலின் விலையோடு சிறிது கூட்டி விற்பவர், அந்த ஆறு மணி நேர உழைப்பை வாங்குபவருக்கு இனாமாகக் கொடுக்கிறார். அவருக்கு நஷ்டம் என்பதோடு, அதே செருப்பைப் பின்னும் அடுத்த வீட்டாரின் கூலியும் அதனால் விழுகிறது. நூல், தோல், மணிக்கணக்கான கூலி, சங்கத்தின் விற்பனைச் செலவு ஆகிய நான்கையும் கூட்டிப் பொதுக்குழு விலையை நிர்ணயிப்பதே முறை. அவ்விலையைச் சந்தை ஏற்கவேண்டுமாயின், பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்னும் அளவு ஒவ்வொரு வீட்டிலும் தவறாமல் நிற்கவேண்டும்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. ஒருவரின் மாதிரித் துண்டில் 5 சென்டிமீட்டருக்கு 12 கண்ணிகள் உள்ளன. அவர் 48 கண்ணிகளில் பின்னும் செருப்பின் சுற்றளவு என்ன? அவர் எத்தகைய ஊசிக்கு மாறவேண்டும்?

2. பாதச் சுற்றளவு மிகுந்த ஒருவருக்குச் செருப்பை அகலமாக்க வேண்டுமானால், கோலம் கெடாமல் இருக்க எத்தனை கண்ணிகளைக் கூட்டவேண்டும்? அப்போது சுற்றளவு எவ்வளவு கூடும்?

3. ஆறு மணி நேர உழைப்புக்கு உங்கள் ஊரில் நியாயமான கூலி எது? அதனைச் சேர்த்தால் ஒரு ஜோடியின் விலை என்னவாகும்? அடுத்த கூட்டத்தில் கணக்குடன் விவாதிக்க.